ஒரு ஆளுக்கு ஒரு அடுப்பு

கமலா இரண்டாவது தடவையாக உப்புப் போட்டதைப் பச்சையம்மாள் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

முதல் தடவை, புளிக்கரைசலை ஊற்றிய கையோடு போட்டாள். அதற்குள் கள்ளக்குறிச்சியிலிருந்து அவள் மருமகள் போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மூடி ஊற்றுவது என்று கேட்கிற போன். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். கமலா பாத்திர அலமாரியில் சாய்ந்துகொண்டு கால் மணி நேரம் பேசினாள். பேசிவிட்டுத் திரும்பியவள் கொதிக்கிற குழம்பைப் பார்த்து "அய்யோ, மறந்தே பூட்டேன்" என்று ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கிளறினாள். உள்ளே வெந்துகொண்டிருந்ததோ வாளைக் கருவாடு. அது ஏற்கனவே தன் பங்கு உப்போடு வந்த சாமான். பச்சையம்மாள் தலையைக் குனிந்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் சந்தோசம் அதுதான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

ருசி பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. செத்தவருக்குப் படைக்கிற சமையலை யாரும் வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் எச்சில். கண்ணால் பார்த்து, மூக்கால் முகர்ந்து, கைக்கணக்கில் செய்ய வேண்டியதுதான். இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டி, ஒரு உருண்டை சோறும் எல்லாக் குழம்பும் மாடிச்சுவரில் வைத்து, காக்காய் வந்து எடுத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் பருக்கை போகும். புருசன் தீனதயாளன் செத்து ஒரு வருடம். முதல் வருடப் படையல். களமருதூரிலேயே இருந்த பங்காளிகளும் வெளியூரிலிருந்து வந்தவர்களுமாக முப்பது பேர் வாசல் பந்தலில் காலையிலிருந்து பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தீனதயாளனின் தங்கை கமலா முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கிவிட்டாள். வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"தள்ளிக்கோங்க அண்ணி. இன்னிக்கு அண்ணனுக்கு நான்தான் வெக்கறேன். அவருக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

பச்சையம்மாள் தள்ளிக்கொண்டாள். அதைத்தான் அவளுக்கு இப்போது பொறுக்க முடியவில்லை. அவள் வீடு, அவள் அடுப்பு, அவள் புருசன். யாரோ தள்ளு என்றால் தள்ளிக்கொள்கிறாள். இருபத்தாறு வருடப் பழக்கம் ஒரு வருடத்தில் விட்டுப்போகுமா?

தீனதயாளன் அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆளும் இல்லை. ஊரில் கேட்டால் தங்கமான மனுசன் என்பார்கள். அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான். தட்டில் சோறு விழுந்ததும் ஒரு வாய் எடுத்து வைப்பான், மெல்லுவான், விழுங்குவான். பிறகு மெதுவாக, கோபமே இல்லாத குரலில், "கமலா வெக்கற மாரி இல்ல" என்பான். சொல்லிவிட்டு மிச்சம் வைக்காமல் தின்பான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். தட்டைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவள் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் மாதம், வயலில் கூலிக்கு ஆள் விட்டிருந்த ஒரு நாள், நேரமில்லையென்று அவள் வேர்க்கடலையில் மல்லாட்டைத் தொக்கு செய்தாள். அவளுக்குப் பிறந்த வீடு கச்சிராயபாளையத்துக்கு அந்தப்பக்கம், கல்வராயன் மலையடிவாரம். அங்கே எல்லா வீட்டிலும் அதுதான் அவசரக் குழம்பு. வறுத்த மல்லாட்டை, பூண்டு, மிளகாய், புளி. பத்து நிமிசத்தில் ஆகிவிடும், சுடுசோற்றில் பிசைந்தால் வேறொன்றும் வேண்டாம். தீனதயாளன் அதைத் தட்டில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மாட்டுக்குப் புண்ணாக்கு கரைச்சி வெச்சிருக்கற" என்றான். மாமியாரும் கமலாவும் கொழுந்தன் தனசேகரனும் சேர்ந்து சிரித்தார்கள். ஆறு மாதம் வரை அவளைப் "புண்ணாக்கு" என்றே கூப்பிட்டார்கள், விளையாட்டுக்குத்தான். பிறகு அவள் அதைச் செய்யவே இல்லை.

ஒரே ஒரு தடவை தவிர. மகள் சுபஸ்ரீ வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, மசக்கையெல்லாம் எப்போதோ முடிந்திருந்தும், அந்த வாசனைக்கு நாக்கு ஏங்கியது. வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில் ஒரு சின்னச் சட்டியில் செய்து மூடி வைத்துவிட்டு, துணி அலச வயல் போர்செட்டுக்குப் போனாள். வந்து பார்த்தால் சட்டி காலி. காலி என்றால் வழித்துத் துடைத்த காலி, கழுவ வேண்டிய வேலையே இல்லை. தீனதயாளன் நடுவீட்டில் படுத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சட்டியிலிருந்தது எங்கே என்று கேட்டாள். "பூனை வந்திருக்கும்" என்றான் பேப்பரை இறக்காமல். பூண்டும் மிளகாயும் போட்ட தொக்கை நக்கித் தின்னுகிற பூனை! தின்றுவிட்டுச் சட்டியை மூடி வேறு வைத்துவிட்டுப் போகிற பூனை! அவன் கைவிரலில் அந்தப் பூண்டு மணம் ராத்திரி வரை இருந்தது. அன்று அவன் ஒரு வார்த்தை, நல்லா இருந்துச்சி என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஆயுசுக்கும் அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பாள். அவன் சாகும் வரை பூனை என்றேதான் சொன்னான்.

"அண்ணி, கீரைய ஆயறீங்களா, தூங்கறீங்களா? மணி பன்னண்டாவப் போவுது" என்றாள் கமலா.

பன்னிரண்டரைக்குப் படைத்தார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் தம்பி தனசேகரன்தான் கற்பூரம் காட்டினான். தீனதயாளனின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, சாம்பார், முருங்கைக்கீரை, வடை, பாயசம், அவித்த முட்டை, நடுநாயகமாகக் கமலாவின் கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் ஒரு கட்டு பீடி. கமலா வாய்விட்டு அழுதாள். "ஒனக்குப் புடிச்சத வெச்சிருக்கேண்ணா, வந்து துன்னுண்ணா" என்று அவள் சொன்னபோது பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். பச்சையம்மாளுக்கு அழுகை வரவில்லை. பூனை, பூனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

பிறகு எல்லாரும் மாடிக்குப் போனார்கள். கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டு வைத்து, சோற்றின்மேல் குழம்பை ஊற்றி, தனசேகரன் "கா... கா..." என்று கூப்பிட்டான். எதிர்த் தென்னையில் இரண்டு காக்காய் தயாராகத்தான் இருந்தன. ஒன்று உடனே வந்தது. ஒரு துண்டுக் கருவாட்டைக் கொத்தி இழுத்தது, இரண்டு தடவை அலகைத் திறந்து மூடியது, துண்டைக் கீழே போட்டது. அலகைச் சுவரில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறந்தே போய்விட்டது. இரண்டாவது காக்காய் வரவேயில்லை.

வெயில் மொட்டைமாடியில் காலைச் சுட்டது. இன்னும் பத்து நிமிசம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தனசேகரனுக்குத் தொண்டை கட்டியது.

"அண்ணன் மனசு ஆறல" என்றாள் கமலா. அவள் முகம் வெளுத்திருந்தது, நடிப்பு இல்லை. "எதுவோ கொறை இருக்குது."

"இன்னா கொறைன்னு தெரியலியா?" தனசேகரன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். அவன் உளுந்தூர்பேட்டையில் பைபாஸ் ஓரம் ஓட்டல் வைத்திருக்கிறவன். லாரிக்காரர்களோடு பேசிப் பேசி எதையும் சத்தமாகவே சொல்லிப் பழகியவன். "அண்ணி இங்க தனியா கெடக்கறாங்கன்னுதான் அவருக்கு மனசு கேக்கல. நான்தான் அன்னிக்கே சொன்னனே. ஒரு ஆளுக்கு ஒரு வூடு, ஒரு ஆளுக்கு ஒரு அடுப்பு எதுக்கு? எங்க வூட்டுக்கு வந்துடட்டும். ஓட்டல்ல சமையல் மாஸ்டர் வேற வேலைய வுட்டு நின்னுட்டான். அண்ணி அடுப்பாண்ட நின்னு சும்மா இத செய் அத செய்னு சொன்னா போதும். இந்த வூட்ட தீவனக் கடைக்காரன் குடோனுக்குக் கேட்டுகினு இருக்கறான். படையல் முடிஞ்சதும் கூட்டிகினு போவலாம்னு வண்டியகூட கையோட இட்டாந்துட்டேன்."

பச்சையம்மாள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்து நிழலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பந்தல் சாமான் ஏற்றிவந்த வண்டி என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டு?" என்றாள்.

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? சுபஸ்ரீயாண்ட சொன்னனே."

மகள் தண்ணித் தொட்டியோரம் நின்றிருந்தாள். அம்மா பார்த்ததும் புடவை முந்தியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கும் பேச்சுத் தொணையா இருக்கும்மா. நீ இங்க தனியா இருக்கறன்னு எனக்கு ராத்திரில தூக்கமே வர்ல. சித்தப்பா வூடு நம்ம வூடுதான?"

பச்சையம்மாளுக்கு மகள் மேல் வந்த கோபம் மற்றவர்கள் மேல் வந்ததைவிடப் பெரிது. அடுத்தவள் வந்து தள்ளு என்றால் அது வேறு. பெற்றவள் கஷ்டம் அத்தனையும் கூடவே இருந்து பார்த்தவள், தட்டுக்கு முன்னால் அப்பன் சொன்னதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள், ஒரு போன் போட்டு "அம்மா, இப்படிப் பேசிக்கறாங்க" என்று சொல்லவில்லை. உளுந்தூர்பேட்டையில் அவள் எப்படி இருப்பாள் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. விடியற்காலை நாலு மணிக்கு இட்லிக் கொப்பரை, பதினொரு மணிக்கு ஐம்பது படி சோறு, சாயங்காலம் பரோட்டாவுக்கு சால்னா. எந்தத் தட்டிலும் அவள் நாக்குக்கு வேண்டியது இருக்காது. இந்த ஒரு வருடத்தில் அவள் கண்டதெல்லாம் பசித்தபோது சமைப்பது, பசிக்காவிட்டால் படுத்துக்கொள்வது. அதைக்கூட அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ!

"பாரு, காக்காயே சொல்லிட்டுப் போவுது" என்றாள் கமலா. "நீங்க வர்றேன்னு ஒரு வார்த்த வாயால சொல்லுங்கண்ணி. உடனே வந்து எடுக்குதா இல்லியான்னு பாருங்க."

"காக்கா ஒண்ணும் சொல்லல. உப்பு கரிக்குது, போயிடுச்சி."

"இன்னாது?"

"ரெண்டு தபா உப்பு போட்டியே கமலா. போன் பேசறதுக்கு மின்ன ஒரு தபா, பேசிட்டு வந்து ஒரு தபா. கருவாட்டு உப்பு வேற. பூமியில எந்த காக்கா அத துன்னும்?"

கமலா விரலை மடக்கி மனசுக்குள் காலையை ஓட்டிப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. பிறகு அந்த முகம் சிவந்தது. "பாத்துகினா இருந்தீங்க? பாத்துகினே கம்முனு இருந்தீங்களா? அண்ணனுக்குப் படைக்கற சோறுன்னுகூட பாக்காம?"

"ஆமா. பாத்துகினுதான் இருந்தேன்."

கூட்டத்தில் யாரோ "அடிப்பாவி" என்றார்கள். தப்புதான். செத்தவன் சோற்றில் மண் விழுந்ததைப் பார்த்துச் சும்மா இருந்தது தப்பு என்று அவளுக்கே தெரியும். அந்தத் தப்பால் காக்காய் எடுக்காமல் போனதை வைத்துத்தான் இப்போது அவளை வண்டியில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க அவளுக்கு நாக்கு வரவில்லை. அங்கே நின்றால் கேட்க வைத்துவிடுவார்கள் என்று பயந்தாள். விடுவிடுவென்று படியிறங்கினாள்.

கீழே சமையலறை வாசலில் கேஸ் சிலிண்டர் உருட்டி வைக்கப்பட்டிருந்தது. அடுப்பைத் துடைத்து அட்டையில் கட்டியிருந்தது. மிக்சி இருந்த இடத்தில் மிக்சி இல்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு ஆள் ரெகுலேட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருய்யா நீ?"

"பிலவேந்திரன்க்கா. வண்டி நம்மளுதுதான். எல்லாரும் மேல இருக்கும்போதே ஏத்திடு, அப்பறம் பந்தி நடக்கும், எடம் இருக்காதுன்னு ஓட்டல்காரரு சொன்னாரு."

"அடுப்ப அவுத்து வை."

அவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். குனிந்து அட்டையைக் கிழித்து அடுப்பை மேடையில் வைத்தான். சிலிண்டரைத் தானே உருட்டிப்போய் அதன் இடத்தில் நிறுத்தினான். ரெகுலேட்டரைப் பச்சையம்மாள் அவன் கையிலிருந்து பிடுங்கி மாட்டினாள். முதலில் சரியாக உட்காரவில்லை. இரண்டாவது தடவை டக் என்று பிடித்துக்கொண்டது.

இரும்புச் சட்டியை வைத்து, எண்ணெயில்லாமல் இரண்டு பிடி மல்லாட்டையைப் போட்டு வறுத்தாள். தோல் கருகி வெடிக்கிற சத்தம் கேட்கும் வரை இறக்கவில்லை. முறத்தில் கொட்டித் தேய்த்து ஊதினாள். தோல் பறந்து சமையலறை முழுக்க விழுந்தது, விழட்டும். மிக்சி வண்டியில் இருந்ததால் இஞ்சி தட்டுகிற சின்னக் கல்லுரலில் போட்டு இடித்தாள். அந்த இடி வாசல் பந்தல் வரை கேட்டிருக்கும். மாவாகப் போகாமல் ஒன்றிரண்டாக உடைந்ததும் நிறுத்தினாள். அதே சட்டியில் நல்லெண்ணெய், யாருக்கும் பயப்படாமல் தாராளமாக. கடுகு, நாலு காய்ந்த மிளகாய், ஒரு முழுப் பூண்டை உரித்து நசுக்கியது, கை நிறையச் சின்ன வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் காலையில் கமலா பிழிந்து மிச்சம் வைத்த புளித்தண்ணீரை ஊற்றினாள். உப்பு ஒரே தடவை. கொதி வந்ததும் மல்லாட்டையைக் கொட்டிக் கிளறினாள். அது புளியைக் குடித்து இறுகி, ஓரத்தில் எண்ணெய் கக்க ஆரம்பித்தது. பூண்டும் வறுத்த மல்லாட்டையும் சேர்ந்த அந்த மணம் கருவாட்டு வாடையைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது.

படியில் காலடிச் சத்தம். கமலாவும் தனசேகரனும், அவர்களுக்குப் பின்னால் சுபஸ்ரீயும் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள்.

கமலாதான் முதலில் மூக்கை உறிஞ்சினாள். "இது... அந்தப் புண்ணாக்கு தான? அண்ணனுக்குப் புடிக்காதது. இத எடுத்துகினு போயா வெக்கப் போறீங்க?"

அதை மேலே கொண்டுபோய்ச் சுவரில் வைத்தால் என்ன ஆகும் என்று பச்சையம்மாளுக்கும் தோன்றாமல் இல்லை. காக்காய் வந்து வழித்துத் துடைத்துவிட்டுப் போனாலும் போகும். எல்லாரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். இருபத்தாறு வருடத்துக்கு அது ஒன்று போதும். அப்படியே மாடிக்கு ஓடலாமா என்று கால் பரபரத்தது. ஆனால் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு, எல்லாருக்கும் முன்னால் நக்கினாள்.

"அம்மா! இன்னும் காக்கா எடுக்கலம்மா" என்று சுபஸ்ரீ கத்தினாள்.

"இது ஒங்கப்பனுக்கு இல்லடி. எனக்கு."

கொஞ்சம் புளி தூக்கலாக இருந்தது. ஒரு துணுக்கு வெல்லம் போட்டாள். மறுபடி நக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. சரியாக இருந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது, அதுவும் கோபத்தில்தான். இவ்வளவு சுலபமான ஒரு குழம்பை எவனோ சிரித்தான் என்று ஒரு ஆயுசு பூராவும் தின்னாமல் இருந்திருக்கிறாள். அவனைத் திட்டுவதா, தன்னைத் திட்டுவதா என்று தெரியாமல் கரண்டியைச் சட்டியில் ஓங்கிப் போட்டாள்.

"அண்டா நெறைய சோறு கெடக்குது. அது படைக்கற சோறு, அத நான் தொடல" என்றாள். டம்ளரை எடுத்து, அரிசிப் பானையில் விட்டு, ஒரு டம்ளர் அரிசி எடுத்தாள். தலை தட்டினாள். கழுவினாள். சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து இரண்டாவது பர்னரையும் பற்றவைத்தாள்.

"அண்ணி, முப்பது பேரு பசியா இருக்கறாங்க. வண்டிக்காரன் வேற நிக்கறான். நீங்க பண்றது உங்களுக்கே நல்லா இருக்குதா?" தனசேகரன் குரல் இப்போது ஓட்டல் குரலாக இல்லை.

பச்சையம்மாள் மணையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு நேராக உட்கார்ந்தாள். யாரும் உள்ளே காலை வைக்கவில்லை. வெளியேயும் போகவில்லை. கமலா மட்டும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, சட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் தோளுக்கு மேலாகப் பிலவேந்திரனின் தலை தெரிந்தது. "எவ்ளோ நேரம் ஆவும்க்கா? அடுப்பு ஆறுனா ஏத்திடலாம்."

"சோறு வேவணும். நான் சாப்படணும். ராத்திரிக்கு ரசம் வெக்கணும்" என்றாள் பச்சையம்மாள். "நாளைக்கும் வெக்கணும்."

அவன் தனசேகரனைப் பார்த்தான். தனசேகரன் சுவரைப் பார்த்தான். பிலவேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டியின் பின்கதவு தடால் என்று அடித்தது. அது திறந்த சத்தமா, மூடிய சத்தமா என்று உள்ளேயிருந்து தெரியவில்லை. பச்சையம்மாள் எழுந்து பார்க்கவில்லை. உலை பொங்கித் தட்டைத் தூக்கி, கஞ்சி ஒழுகி நெருப்பில் சுரீரென்றது. அவள் தட்டைப் பாதி நகர்த்தி வைத்து, ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வேக வேண்டியிருந்தது.